சிறிய கடற்படையும் பெரிய கடலும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு நாள்தோறும் ரயிலில் சென்று வருகிறோம். விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நிலையங்கள் கடந்து போகும். ஏரியும் கரும்பும் சவுக்கும் கண்ணில் படுமேயன்றிக் கடல் ஓரிடத்திலும் தெரியாது. ஆயினும் நாம் பயணம் செய்யும் நிலம் கடலை நோக்கியே சாய்ந்து கிடக்கிறது. இந்த நிலத்துக்குப் பழம்பெயர் ஓய்மாநாடு. இதன் தலைவனான நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை, திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கிலையும் கடற்கரையில் இருந்த எயிற்பட்டினத்தையும் ஒருசேரப் பேசுகிறது. அந்த எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலரின் கருத்து.

சென்ற பருவத்தில் அந்தப் பகுதியை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தோம். ஒட்டகங்கள் படுத்துறங்குவதுபோல் கரையில் குவிந்து கிடக்கும் நறுமண மரங்களை அலை எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டிருக்கிறது. நுளையர் மகள் அந்த விறகை எரித்து மது வடிக்கிறாள். முன்பின் அறியாத பாணனுக்குப் பரதவர் அதையும் சுட்ட உலர்மீனையும் கொடுத்து உபசரிக்கிறார்கள். கடல் வழியே வந்த பொருள், கடல் வழியே வந்த பழக்கம், வழிப்போக்கனுக்கு விருந்து. இவ்வளவுதான் எயிற்பட்டினம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து வரும் மாணவர் எழுந்தார்.

"ஐயா, அந்தக் காலத்துல இங்க நேவி இருந்துச்சா?"

தெரியவில்லை, பாட்டில் இல்லை என்றோம். "இல்லாம இருந்தா நல்லதுதான் ஐயா" என்று சொல்லி உட்கார்ந்தார். வகுப்பு சிரித்தது. அவருடைய சிற்றப்பா காரைக்காலில் விசைப்படகுக் கூலியாகப் போய் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர் என்பது பிறகு தெரிந்தது. அன்று சிரிக்காத மாணவி ஒருவரும் இருந்தார். கீழ்ப்புத்துப்பட்டு மறுவாழ்வு முகாமிலிருந்து வருபவர் அவர். வகுப்பு முடிந்ததும் வந்து, "எங்கட அம்மம்மா இண்டைக்கும் கடற்கரைக்கு வரமாட்டா ஐயா. நேவி எண்டா அவவுக்கு இப்பவும் நடுக்கம்" என்றார். முகாமுக்கும் கடலுக்கும் இடையே நடந்துபோகும் தூரந்தான்.

இரு பிள்ளைகள், ஒரே கடற்படை, இருவேறு அச்சங்கள். இந்தக் கட்டுரை அங்கிருந்து தொடங்குகிறது. சிறிய நாடொன்றின் கடற்படை உலகத்தோடு நட்புப் பேணும் கருவியாக இருக்க முடியுமா? முடியுமென்றால் அந்த நட்பின் உண்மையை எந்த இடத்தில் வைத்து உரசிப் பார்ப்பது?

*

கடற்படை என்றதும் தமிழ் வாசக மனம் 1025க்குப் பாய்ந்துவிடுகிறது. இராசேந்திரன், கடாரம், கங்கைகொண்டசோழபுரம். ஏழாம் நூற்றாண்டில் மானவம்மனுக்கு அரியணை பெற்றுத்தர நரசிம்மவர்மப் பல்லவன் இலங்கைக்கு அனுப்பிய படைகளும் நினைவுக்கு வரும். இவையெல்லாம் பெரிய கடற்படையின் கதைகள். பெரிய கடற்படை தன் விருப்பத்தைப் பிறர் கரையில் இறக்கிவைக்கிறது. சிறிய கடற்படையால் அது இயலாது. அதன் கப்பல்கள் சில, எரிபொருள் அளவு, பணம் கடன். ஆகவே அது வேறு வழிகளைக் கற்றாக வேண்டியிருக்கிறது. விருந்தோம்பல், மீட்பு, தகவல் பகிர்வு, சட்ட அறிவு ஆகியவையே அந்த வழிகள். ஒருவகையில் அது எயிற்பட்டினத்துப் பரதவரின் நிலை.

இலங்கைக் கடற்படை 1950 டிசம்பர் 9 அன்று அரச இலங்கைக் கடற்படை என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. திருகோணமலையில் பிரித்தானியர் தம் தளத்தை 1957 வரை வைத்திருந்தனர். 1972இல் நாடு குடியரசான பின் இன்றைய பெயர் வந்தது. இப்போது அதன் பெரிய கப்பல்களின் பிறப்பிடங்களைப் பாருங்கள். 'சயுர' இந்தியக் கடற்படையிலிருந்து 2000இல் வந்தது. 'சயுரால', 'சிந்துரால' இரண்டும் கோவாவில் கட்டப்பட்டு 2017, 2018இல் பணியில் சேர்ந்தன. 'கஜபாகு', 'விஜயபாகு' இரண்டும் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் பழைய கப்பல்கள். 'பராக்கிரமபாகு' 2019இல் சீனா அளித்த போர்க்கப்பல். ஒன்றையொன்று ஐயத்தோடு நோக்கும் மூன்று பேரரசுகளின் கப்பல்கள் ஒரே துறைமுகத்தில் ஒரே கொடியின்கீழ் நிற்கின்றன.

இதைக் கையேந்தும் நிலை என்று எள்ளலாம். நம் நண்பர்களில் சிலர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கப்பலைக் கொடுப்பவர் அதனுடன் பயிற்சியையும் உதிரிப்பாகங்களையும் ஆண்டுதோறும் வந்துபோகும் உறவையும் கொடுக்கிறார். பெறுபவர் எவரிடமிருந்தும் பெறுவதால் எவருக்கும் முழுதாக உரியவர் ஆவதில்லை. இந்த நடுநிலை எப்போதும் வழுக்கும் பாறை. 2022 ஆகஸ்டில் 'யுவான் வாங் 5' என்ற சீன ஆய்வுக்கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தபோது இந்தியா கவலை தெரிவித்தது. கொழும்பு முதலில் தள்ளிப்போடச் சொன்னது, பிறகு அனுமதித்தது. 2024 தொடக்கத்திலிருந்து ஓராண்டுக்கு வெளிநாட்டு ஆய்வுக்கப்பல் எதுவும் வரக்கூடாது என்று பொதுவாகவே அறிவித்தது. ஒருவரை மட்டும் மறுத்தால் பகை, எல்லாரையும் மறுத்தால் விதி. சிறியவர்கள் விதியை விரும்புவதற்குக் காரணம் அதுதான்.

கடல்சட்டத்தின் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. இந்தியப் பெருங்கடலை அமைதி வலயமாக அறிவிக்கும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை 1971இல் நிறைவேற்றியதில் இலங்கைக்கு முதன்மைப் பங்கு உண்டு. 1973இல் தொடங்கிய மூன்றாவது ஐ.நா. கடல்சட்ட மாநாட்டின் தலைவராக 1980இல் இறக்கும் வரை இருந்தவர் இலங்கையின் ஹாமில்டன் ஷெர்லி அமரசிங்க. அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் சிங்கப்பூரின் டாமி கோ. 1982இல் நிறைவேறிய உடன்படிக்கையின் தலைமை நாற்காலியில் இருந்த இருவருமே சிறிய தீவு நாட்டினர். பீரங்கி இல்லாதவனுக்குச் சட்டப்புத்தகம் பீரங்கி.

*

இலங்கைக் கடற்படை 2010 முதல் நடத்திவரும் பன்னாட்டுக் கடல்சார் மாநாட்டின் பெயர் 'காலி உரையாடல்'. காலியில் தொடங்கிப் பின்னர் கொழும்புக்கு இடம்பெயர்ந்தாலும் பெயர் மாறவில்லை. பல நாடுகளின் கடற்படைத் தளபதிகள் ஒரே மண்டபத்தில் அமர்ந்து பேசுகிறார்கள். பேச்சால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குக் காலியே ஒரு பதிலை வைத்திருக்கிறது.

1911இல் அந்த ஊரில் வடிகால் மூடியாகக் கிடந்த ஒரு கல் கண்டெடுக்கப்பட்டது. சீனத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடைய 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு அது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மும்மொழியில் அமைந்தது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. தமிழ் மாணவர்கள் இந்தக் கல்லை அவசியம் அறிந்திருக்க வேண்டும். தென்னிலங்கைத் துறைமுகமொன்றில் உலகத்தின் மிகப் பெரிய கப்பற்படை மரியாதை செலுத்த வேண்டியிருந்தபோது அதற்குத் தேவைப்பட்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். கடல் வணிகத்தின் மொழியாக இருந்ததனால் அந்த இடம் நமக்குக் கிடைத்தது. வாளால் கிடைத்ததன்று.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே செங் ஹேயின் படை ஓரிரு ஆண்டுகளில் இலங்கையின் ஆட்சியாளரைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டுபோயிற்று. காணிக்கைக் கல்லும் கைவிலங்கும் ஒரே கப்பலில்தான் வந்தன. பெரிய கடற்படையின் புன்னகைக்குப் பின்னால் எப்போதும் இன்னொன்று நிற்கிறது. சிறிய கடற்படையின் புன்னகைக்குப் பின்னால் நிற்பது பெரும்பாலும் தேவை. தேவையுள்ளவனுடைய நட்பைக் கூடுதலாக நம்பலாம் என்பது நம் கட்சி.

*

அந்தத் தேவை எப்படிச் செயலாகிறது என்பதற்குச் சில நிகழ்ச்சிகளைச் சொல்லலாம்.

கடலில் தேடுதல், மீட்புப் பணிகளுக்காகப் பெருங்கடல்களை நாடுகள் தமக்குள் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. இலங்கையின் பொறுப்பில் உள்ள பரப்பு அதன் நிலப்பரப்பைப் போல் சுமார் 27 மடங்கு. அந்தப் பரப்பில் எந்த நாட்டுக் கப்பல் தத்தளித்தாலும் முதல் அழைப்பு கொழும்புக்குத்தான். இவ்வளவு பெரிய நீரை ஒரு சிறிய கடற்படை தன் கப்பல்களால் மட்டும் காத்துவிட முடியாது. கொழும்பில் கடற்படை நடத்தும் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் இந்திய நிதியுதவியோடு அமைந்தது. 2024 ஜூனில் திறந்துவைக்கப்பட்டது.

2020 செப்டம்பர் 3. குவைத்திலிருந்து பாரதீப் நோக்கி ஏறக்குறைய 2,70,000 டன் கச்சா எண்ணெயுடன் வந்த 'நியூ டைமண்ட்' என்னும் பெருங்கப்பல் இலங்கையின் கிழக்குக் கரையில் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பிடித்தது. எண்ணெய் நமக்கு வந்தது, கப்பல் பனாமாக் கொடியுடையது, உயிரிழந்த மாலுமி பிலிப்பைன்ஸ் நாட்டவர், ஆபத்து இலங்கைக் கரைக்கு. இலங்கைக் கடற்படையும் விமானப்படையும் இந்தியக் கடலோரக் காவல்படையும் கடற்படையும் சேர்ந்து நீரடித்தன. அணைந்த தீ மறுபடி மூண்டது, மறுபடியும் அணைத்தார்கள். எண்ணெய்த் தொட்டிகள் தப்பின. அந்த எண்ணெய் கடலில் கலந்திருந்தால் அது சிங்களக் கடல், தமிழ்க் கடல் என்று பார்த்திருக்காது.

மறு ஆண்டு மே மாதம் கொழும்புக்கு அருகே 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' எரிந்தபோது அத்தகைய வெற்றி கிட்டவில்லை. நைட்ரிக் அமிலமும் பிளாஸ்டிக் குருணைகளும் ஏற்றிவந்த கப்பல் அது. இந்தியக் கடலோரக் காவல்படை மீண்டும் உதவிக்குச் சென்றது. ஆயினும் ஜூன் 2 அன்று கப்பல் மூழ்கத் தொடங்கியது. குருணைகள் மேற்குக் கரையெங்கும் வெண்மணலாய் ஒதுங்கின. மீனவர் தொழில் முடங்கியது. ஒத்துழைப்பு எல்லாவற்றையும் காத்துவிடும் என்று நாம் சொல்லவரவில்லை. ஒத்துழைப்பு இல்லாவிட்டால் காக்கும் வாய்ப்பே இல்லை என்கிறோம்.

2022 நவம்பரில் நடந்த ஒன்று நம் மனத்தை விட்டு நீங்காதது. பொருளாதாரம் சரிந்த ஆண்டு அது. 303 இலங்கையர்களை ஏற்றிக்கொண்டு சென்ற படகொன்று வியட்நாமுக்கும் பிலிப்பைன்சுக்கும் இடைப்பட்ட கடலில் மூழ்கும் நிலைக்கு வந்தது. படகிலிருந்தவர் ஒருவரின் தொலைபேசி அழைப்பு இலங்கைக் கடற்படைக்கு வந்தது. அவ்வளவு தொலைவுக்கு அதனிடம் அனுப்பக் கப்பல் இல்லை. அது சிங்கப்பூர் மீட்பு மையத்தை அழைத்தது. செய்தி வியட்நாமுக்குப் போயிற்று. அவ்வழியே சென்ற ஜப்பானியக் கப்பலொன்று அனைவரையும் ஏற்றிக்கொண்டு வியட்நாம் துறைமுகத்தில் இறக்கியது. அவர்களில் தமிழர் பலர். ஒரு கப்பலும் நகராமல் 303 உயிர்கள் காக்கப்பட்டன. சிறிய கடற்படையின் பேராற்றல் சில நேரங்களில் யாரை அழைக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான். அழைத்தால் மறுமுனையில் எடுப்பார்கள் என்ற நம்பிக்கை இத்தனை ஆண்டு மாநாடுகளாலும் கூட்டுப் பயிற்சிகளாலும் ஈட்டப்பட்டது. 1995இல் இந்தியா போர்ட் பிளேரில் தொடங்கிய 'மிலன்' பயிற்சியில் முதலில் வந்த நான்கு கடற்படைகளில் இலங்கையும் ஒன்று. இருநாட்டுக் கடற்படைகளின் 'ஸ்லினெக்ஸ்' பயிற்சி 2005 முதல் நடந்து வருகிறது.

2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோகிங்கியா அகதிகளுடன் ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைக்கு அருகே வந்தது. முதலில் கண்டவர்கள் அவ்வூர் மீனவர்கள். 2009இல் அந்தக் கரையில் என்ன நடந்தது என்பது இதைப் படிக்கும் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த மக்கள்தாம் வந்தவர்களுக்கு உணவு கொடுத்தார்கள். கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுசென்றது. எயிற்பட்டினம் எங்கே இருக்கிறது என்று மாணவர்கள் கேட்டால் இனி மரக்காணத்தை மட்டும் சொல்லமாட்டோம்.

இறுதியாக ஒன்று. இலங்கைக் கடற்படையின் 75ஆம் ஆண்டு விழாவுக்காக 2025 நவம்பர் இறுதியில் பல நாட்டுப் போர்க்கப்பல்கள் கொழும்பில் கூடின. இந்தியாவின் விமானந்தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்' வந்திருந்தது. அதே நாட்களில் 'டித்வா' புயல் தீவைச் சூறையாடியது. வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அணிவகுப்புக்கு வந்த இந்தியக் கப்பல்கள் நிவாரணப் பொருட்களை இறக்கின. விழாவுக்கு வந்த உறவினர் துக்கத்துக்குத் தோள் கொடுத்தது போன்றது அது. விழாக்கள் வீண்செலவு என்று பேசுகிற நமக்கு இது சற்று யோசிக்கத்தக்க செய்தி. நல்ல நாளில் வந்து போகாத வீட்டில் கெட்ட நாளில் கதவைத் தட்டுவது எளிதன்று.

*

இதுவரை எழுதியதை நம் சக ஆசிரியர் ஒருவரிடம் ரயிலில் படிக்கக் கொடுத்தோம். மயிலம் வருவதற்குள் படித்து முடித்துவிட்டு, "கொழும்புத் தூதரகத்துக்காரர் எழுதினமாதிரி இருக்கு" என்றார். தைத்தது. தைக்க வேண்டிய சொல்தான்.

ஏனெனில் இதே கடற்படைக்கு இன்னொரு வரலாறு இருக்கிறது. போர்க்காலத்தில் வடகிழக்குத் தமிழருக்குக் கடற்படை என்றால் மூடப்பட்ட கடல், சோதனைச் சாவடி, இரவில் கேட்கும் பீரங்கிப்படகு. 2007இல் புலிகளின் ஆயுதக்கப்பல்களைத் தன் கரையிலிருந்து வெகுதொலைவில், நடுக்கடலில் மூழ்கடித்தபோது உலகம் அதன் தொழில்திறனைப் பாராட்டியது. 2008, 2009 ஆண்டுகளில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 இளைஞர்கள் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்ட வழக்கில் கடற்படையினர் குற்றம் சாட்டப்பட்டனர். அந்தத் தாய்மார்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்ற வாசலில் நின்றார்கள். வெளியுலகில் மதிக்கப்படும் சீருடைக்கு உள்நாட்டில் கணக்குத் தீர்க்கப்படாமல் இருக்குமானால், அந்த மதிப்பு கடன்வாங்கிய நகை போன்றது.

நம் பக்கத்துக் கணக்கும் உண்டு. 1974, 1976 ஒப்பந்தங்கள் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கோடு வரைந்தன. 2024இல் மட்டும் 500க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்கள் சிறைபிடிக்கப்பட்டனர். அவ்வாண்டு ஜூனில் இழுவைப்படகு ஒன்றைப் பிடிக்கும் நடவடிக்கையில் இலங்கைக் கடற்படை மாலுமி ஒருவர் இறந்தார். ஆகஸ்டில் கடற்படைக் கலம் மோதியதில் இராமேசுவரம் மீனவர் ஒருவர் இறந்தார். 2025 ஜனவரியில் நெடுந்தீவுக்கு அருகே 13 பேர் இருந்த காரைக்கால் படகின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இருவர் படுகாயமுற்றனர். மீனவரைச் சுடுவதில்லை என்பது 2008 அக்டோபரிலேயே இரு அரசுகளும் எட்டிய புரிந்துணர்வு.

ஆகவே நம் கருத்தை இப்படி வைக்கிறோம். சிறிய கடற்படையின் ராஜதந்திரத்தை அளக்கும் இடம் காலி மண்டபமன்று, செங்கடலுமன்று. 2024 ஜனவரியில் செங்கடல் காவலுக்குக் கப்பல் அனுப்பப்போவதாக அன்றைய ஜனாதிபதி அறிவித்தபோது, இரண்டு வாரத்துக்கு 25 கோடி ரூபாய் செலவாகும் என்றும் சொன்னார். கடன்பட்ட நாட்டுக்கு இது தேவையா என்று அங்கேயே கேட்டார்கள். வணிகக் கப்பல்கள் சுற்றிப்போனால் துறைமுகத்துக்கு இழப்பு என்பது அரசின் வாதம். அதில் பொருள் இருக்கிறது. ஆனால் தொலைவிலுள்ள கடலில் பொறுமையும் சட்டமும் பேணத் தெரிந்த ஒரு படைக்கு வீட்டுவாசலில் இருக்கும் நீரில் நிராயுதபாணியான மீனவனிடம் அவற்றைப் பேண ஏன் இயலவில்லை? ஒரு கடற்படையின் கண்ணியம் தனக்குச் சமமானவர்களிடமும் பெரியவர்களிடமும் தெரிவதில்லை. தன்னைவிடச் சிறிய படகினிடம்தான் தெரியும்.

*

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் நம் ஊரில் கைதட்டல் கிடைத்திருக்கும். ஆனால் நேர்மை இன்னொரு பத்தியைக் கேட்கிறது.

ஐஸ்லாந்து என்னும் சிறிய நாட்டுக்குக் கடற்படையே கிடையாது. கடலோரக் காவல் கப்பல்கள் சில மட்டுமே. 1958க்கும் 1976க்கும் இடையே மூன்று முறை அது பிரித்தானியாவோடு மீனுக்காக மோதியது. அந்த மோதல்களைக் 'காட் போர்கள்' என்பார்கள். பிரித்தானிய இழுவைப்படகுகளுக்குக் காவலாக அரச கடற்படையின் போர்க்கப்பல்களே வந்தன. ஐஸ்லாந்துக் கப்பல்கள் வலையின் வடங்களை அறுத்துவிடும் கருவியை இழுத்துச் சென்றன. படகுகள் மீன் பிடிக்க முடியாமல் திரும்பின. நேட்டோ கூட்டணிக்கு ஐஸ்லாந்தின் தளம் இன்றியமையாதது என்பதை வைத்து மறுபுறம் பேச்சு நடந்தது. 1976இல் பிரித்தானியா 200 மைல் எல்லையை ஏற்றுக்கொண்டது. சிறிய படை சட்டத்தையும் பிடிவாதத்தையும் நட்பையும் ஒருங்கே பயன்படுத்தி வென்ற கதை என்று உலகமே இதைக் கொண்டாடுகிறது. நாமும் கொண்டாடலாம்.

ஆனால் அந்தக் கதையைப் பாக் நீரிணையில் வைத்துப் பார்த்தால் நாம் யார்? ஐஸ்லாந்தா, பிரித்தானிய இழுவைப்படகா?

யாழ்ப்பாணத்து மீனவர்கள் இந்தக் கேள்வியை நம்மிடம் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். போர் முடியும் வரை அவர்களுக்குக் கடல் மறுக்கப்பட்டிருந்தது. முடிந்தபின் சிறிய படகுகளோடு இறங்கியவர்கள் தம் வலைகளை அறுத்துக்கொண்டு போகும் இழுவைப்படகுகளைக் கண்டார்கள். அந்தப் படகுகள் தமிழ்நாட்டினுடையவை. இழுவை மடி கடலின் அடித்தரையையே வாரிக்கொண்டு போவது. இலங்கை 2017இல் அதைச் சட்டத்தால் தடை செய்தது. முகாமிலிருந்து வரும் நம் மாணவியின் உறவினர் யாரேனும் பருத்தித்துறையிலோ மன்னாரிலோ வலை வீசிக்கொண்டிருக்கலாம். மரக்காணத்து மாணவரின் சிற்றப்பா கூலிக்கு ஏறிய படகு அந்த வலையை அறுத்திருக்கலாம். இருவரும் ஒரே வாங்கில் அமர்ந்து ஒரே பாட்டைப் படிக்கிறார்கள்.

இது நமக்குப் புரியாத செய்தியும் அன்று. விழுப்புரம், கடலூர், புதுவைக் கரைகளில் சுருக்குமடி வலையை எதிர்த்துச் சிறுபடகு மீனவர்கள் எத்தனை முறை சாலைக்கு வந்தார்கள் என்பதை நம் மாணவர்களே சொல்வார்கள். பெரிய வலை சிறிய வலையின் சோற்றைப் பறிக்கிறது என்ற நியாயத்தை மரக்காணத்தில் ஏற்றுக்கொள்கிறவர்கள் நெடுந்தீவில் மறுக்க முடியாது.

கூலிக்குப் போகிற மீனவனைக் குற்றவாளியாக்குவது நம் நோக்கமன்று. படகு அவனுடையதன்று, கடன் மட்டுமே அவனுடையது. மாற்றுத் தொழிலுக்கு, ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு, வழி செய்ய வேண்டியவர்கள் இரு அரசுகள். அந்த மாற்றம் வரும்வரை அவனைத் துப்பாக்கியால் சந்திக்கக் கூடாது என்பதுதான் கோரிக்கை.

அதற்கான அமைப்புகள் புதிதாகத் தேவையில்லை. இருநாட்டுக் கடற்படையினரும் கடலோரக் காவல்படையினரும் எல்லைக்கோட்டுக் கூட்டத்தை ஆண்டுதோறும் கப்பலில் கூடி நடத்துகிறார்கள். மீன்வளத்துக்கான கூட்டுப் பணிக்குழு 2016 முதல் இருக்கிறது. 2025 ஏப்ரலில் பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தமும் கையெழுத்தானது. 2024 நவம்பரில் இலங்கைக் கடற்படை தந்த தகவலைக் கொண்டு இந்தியக் கடற்படை அரபிக் கடலில் இரு படகுகளிலிருந்து சுமார் 500 கிலோ போதைப்பொருளைப் பிடித்தது. அரபிக் கடலில் ஒரு போதைப் படகை அடையாளம் காட்ட இவ்வளவு நம்பிக்கையோடு பேசிக்கொள்ளும் இருவர், பாக் நீரிணையில் ஒரே கலத்தில் இருநாட்டு அலுவலரும் சேர்ந்து சுற்றிவரும் கூட்டுக் காவலை ஏன் தொடங்கக் கூடாது? எல்லை தாண்டிய படகை இந்திய அலுவலரே தமிழில் திருப்பி அனுப்பட்டும். அந்தக் கலத்தில் யாழ்ப்பாண மீனவர் சங்கத்தின் ஒருவரும் இராமேசுவரத்தின் ஒருவரும் இருக்கட்டும். மாலுமிகளுக்குத் தமிழ் கற்பிக்கட்டும். 1409இல் சீனத் தளபதிக்குத் தெரிந்திருந்தது, இந்தக் கரையில் பேச வேண்டுமென்றால் தமிழும் வேண்டுமென்று.

இது கனவு என்பார்கள். எரியும் எண்ணெய்க் கப்பலில் இரு கொடிகளும் சேர்ந்து நீரடிக்கும் என்பதும் ஒருகாலத்தில் கனவாகத்தான் இருந்திருக்கும்.

*

பருவத்தேர்வுக்கு முந்தைய வாரம் மாணவர்களை மரக்காணத்துக்கு அழைத்துச் சென்றோம். உப்பளங்களின் வெண்மையைக் கடந்து கடற்கரைக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. எயிற்பட்டினத்தின் சுவடென்று காட்ட நம்மிடம் எதுவுமில்லை. குப்பத்து மாணவரின் தாயார் எல்லாருக்கும் கருவாட்டுக் குழம்பும் சோறும் செய்து வைத்திருந்தார். பாட்டு நடந்துவிட்டது என்று மாணவர்கள் ஆரவாரித்தார்கள்.

முகாம் மாணவி தன் அம்மம்மாவையும் அழைத்து வந்திருந்தார். அந்த மூதாட்டி கடலுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு படகின் நிழலில், கரைக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தார். தொலைவில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு கப்பல் வடக்கே போய்க்கொண்டிருந்தது. எந்த நாட்டுடையது என்று தெரியவில்லை. குப்பத்து மாணவர் அவரிடம் போய், "அது நம்ம கப்பல்தான் பாட்டி, பயப்படாதீங்க" என்றார்.

மூதாட்டி திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "எது மோனை, நம்மட?"

நம் மாணவரிடம் பதில் இல்லை. நம்மிடமும் இல்லை. அந்தக் கேள்விக்கு, எந்தக் கொடியானால் என்ன, எல்லாமே காக்க வருவதுதான் என்று ஒருநாள் சொல்ல முடியுமானால், அன்றைக்குச் சிறிய கடற்படைகள் தம் பணியைச் செய்துவிட்டன என்று பொருள்.